எட்டு விசில் விட்டும் மொச்சை வேகவில்லை: மார்கழிக் காய்களையும் பயறுகளையும் எளிமையாகச் சமைக்க வழி சொல்லுங்கள்

கேள்வி
பதிவிட்டவர்: வண்ணை மருமகள் (பழைய வண்ணாரப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இதுவரை சமையல் முழுவதும் அத்தையின் கையில்தான் இருந்தது. சென்ற மாதக் கடைசியில் அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. சில வாரங்களுக்கு அடுப்பின் அனலுக்கும் புகைக்கும் அருகே போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், காலையும் மாலையும் நான்தான் சமைக்கிறேன். வேலையிலிருந்து வீடு வந்து சேரும்போது மணி ஏழாகிவிடுகிறது. எட்டரைக்குள் சாப்பாடு தயாராக வேண்டும்.

மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பயறு வகைகளையும் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பயறு சாப்பிட்ட அன்று இரவு வயிறு உப்பிக்கொண்டு தூக்கம் வரவில்லை என்கிறார். எட்டு வயது மகளோ, மொச்சை, காராமணி என்று பெயரைச் சொன்னாலே தட்டை நகர்த்திவிடுகிறாள்.

இப்போது மார்கழி. முள்ளங்கி, நூக்கல், ஊட்டி கேரட், பச்சைப் பட்டாணி, அவரை, பரங்கிக்காய் என்று தள்ளுவண்டி முழுவதும் நல்ல காய்களாக வருகின்றன. விலையும் கைக்கு எட்டுகிறது. ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பு மாதத்துக்குப் போதவில்லை என்பதால் மொச்சை, கொண்டைக்கடலை, பாசிப்பயறு ஆகியவற்றையும் வாங்கி வைத்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காய்ந்த மொச்சையை இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் கத்தரிக்காய், புளிக்கரைசல், குழம்பு மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் அதனுடன் சேர்த்துக் குக்கரில் ஏற்றினேன். எட்டு விசில் விட்டு இறக்கினால் கத்தரிக்காய் இருந்த இடமே தெரியவில்லை. மொச்சை மட்டும் கல்லாகக் கிடந்தது. மாமா எதுவும் சொல்லாமல் ஒவ்வொரு மொச்சையாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்ததைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. "எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் வெண்ணெயாக வேகுமே" என்று அத்தை சொல்கிறார். நாங்கள் சமையலுக்குப் பயன்படுத்துவது அடுக்ககத்தின் போர் தண்ணீர். மெட்ரோ தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

மொச்சை ஏன் வேகவில்லை, வாரநாட்களில் முக்கால் மணி நேரத்துக்குள் காயும் பயறுமாக என்ன சமைக்கலாம், மாமாவின் வயிற்று உப்புசத்துக்கு என்ன செய்யலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.


பதில் 1
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் (திருவொற்றியூர்)

சகோதரி, உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. உங்கள் அத்தை சரியான இடத்தைத் தொட்டுவிட்டார்: தண்ணீர்தான் முதல் காரணம், அடுத்தது புளி.

பயற்றின் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின் என்னும் பொருள். வேகும்போது அது இளகிக் கரைவதால்தான் பயறு விரலுக்கு மசிகிறது. போர் தண்ணீரில் மிகுதியாக உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. புளியிலும் தக்காளியிலும் உள்ள அமிலமும் பெக்டினைக் கரையவிடுவதில்லை. நீங்கள் கடின நீரில், அதுவும் புளிக்கரைசலுக்குள், மொச்சையை வேகப் போட்டிருக்கிறீர்கள். எட்டு விசில் இல்லை, பதினெட்டு விசில் விட்டிருந்தாலும் அது இறுகித்தான் இருந்திருக்கும். உங்கள் குக்கரின் உட்புறத்தில் தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளை வளையம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் தண்ணீர் எத்தகையது என்பதற்கு வேறு சோதனையே வேண்டாம்.

மீஞ்சூரைச் சுற்றியுள்ள கடலோரப் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010-இல் தொடங்கப்பட்ட பிறகு வடசென்னையின் பல தெருக்களுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறது. ஆனால் அடுக்ககங்களின் மேல்தொட்டியில் ஏறுவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். ஆகவே குடத்துத் தண்ணீரைக் குடிப்பதற்கு மட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். நால்வருக்கான பயற்றை ஊறவைக்கவும் வேகவைக்கவும் சேர்த்து இரண்டு லிட்டர் போதும். காய்களையும் பாத்திரங்களையும் போர் தண்ணீரிலேயே கழுவிக்கொள்ளுங்கள்.

ஊறவைக்கும்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி உப்புச் சேர்த்தால் மொச்சை, கொண்டைக்கடலை, காராமணி ஆகியவற்றின் தோல் நன்கு இளகும். உப்பிலுள்ள சோடியம் தோலிலிருக்கும் கால்சியத்தின் இடத்தை ஓரளவு பிடித்துக்கொள்வதே இதற்குக் காரணம். "உப்புப் போட்டால் பயறு வேகாது" என்ற சொல்லை எங்கள் வீட்டிலும் இப்படி ஊறவைத்துப் பார்த்த பிறகுதான் கைவிட்டோம். எட்டு மணி நேரம் ஊறியதும் அந்தத் தண்ணீரை முழுவதும் கொட்டிவிட்டு, பயற்றை இரண்டு முறை அலசுங்கள். வயிறு உப்புவதற்குக் காரணமான சிலவகைச் சர்க்கரைப் பொருள்கள் ஊறிய நீரில் கணிசமாகக் கரைந்திருக்கும். அவற்றைச் செரிக்கும் நொதி மனிதரிடம் இல்லாததால், பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. மாமாவின் உப்புசம் இந்த ஒரு மாற்றத்திலேயே குறையக்கூடும்.

காய்ந்த மொச்சையை அதற்குப் பிறகு புதுத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, அந்த நீரையும் வடித்துவிட்டு, மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் வையுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். பயற்றின் நுரை மேலெழுந்து ஆவி போகும் துளையை அடைத்துவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஐந்தாறு விசிலுக்குப் பின் ஒரு மொச்சையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தினால் நடுவில் கடினமான கரு இல்லாமல் மசிய வேண்டும். அப்படி மசிந்த பிறகே புளிக்குழம்பில் சேருங்கள். மாமா அரைவேக்காட்டு மொச்சையை ஒதுக்கி வைத்தது மிகவும் சரி. காய்ந்த மொச்சையையும் ராஜ்மாவையும் அரைகுறையாக வெந்த நிலையில் உண்ணவே கூடாது. ராஜ்மாவில் உள்ள நச்சுப்பொருள் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். நன்கு கொதித்து வெந்தால்தான் அது செயலிழக்கும்.

ஆப்ப சோடாவை ஒரு சிட்டிகை போட்டால் விரைவில் வேகும் என்று சிலர் சொல்வார்கள். வேகும் என்பது உண்மைதான். ஆனால் பயற்றில் உள்ள வைட்டமின் பி1 அதில் அழிந்துபோகும், சுவையிலும் சவர்க்கார வாடை தட்டும். நல்ல தண்ணீர் கிடைக்கும்போது சோடாவுக்குத் தேவையே இல்லை. இத்தனைக்குப் பிறகும் வேகவில்லை என்றால் சரக்கு பழையது என்று பொருள். நம் ஊர் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் பல மாதங்கள் கிடந்த பயறு இறுகிப்போகும்; அதை எந்தத் தண்ணீராலும் முழுமையாக மீட்க முடியாது.


பதில் 2
பதிவிட்டவர்: ஆரணியாற்றங்கரை (பொன்னேரி)

ஆசிரியர் ஐயா காய்ந்த மொச்சையைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: மார்கழியும் தையுமாகப் பச்சை மொச்சை வந்து குவிகின்ற இந்த நேரத்தில் காய்ந்ததை எதற்காக வாங்க வேண்டும், தங்கையே? கும்மிடிப்பூண்டி ரயிலில் காலையில் கீரைக்கட்டுகளோடும் அவரையோடும் வந்து கொருக்குப்பேட்டையில் இறங்கும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். காயைத் தடவினால் உள்ளே விதை திரண்டு நிற்பது விரலுக்குத் தெரிய வேண்டும். உரித்த பிறகு கையில் லேசான பிசுபிசுப்பும் ஒரு பச்சை மணமும் நெடுநேரம் நிற்கும். பனி விழ விழ அந்த மணம் கூடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.

உங்கள் மகளுக்குப் பிடிக்காதது மொச்சையின் தடித்த தோலாக இருக்கலாம். தொண்டை மண்டலத்து வீடுகளில் இதற்கென்றே பிதுக்குப் பருப்பு என்று ஒரு பக்குவம் இருக்கிறது. வேலூர், ஆற்காடு, திருவண்ணாமலைப் பக்கங்களில் தொடங்கி எங்கள் ஊர் வரைக்கும் பொங்கலை ஒட்டிய நாட்களில் இதைச் செய்யாத வீடு குறைவு.

பச்சை மொச்சையை உரித்து, விதைகள் மூழ்கும் அளவு தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் தோல் சற்றுத் தளர்ந்து சுருங்கியிருக்கும். விதையின் முளை இருக்கும் முனையை வெளிப்பக்கம் பார்க்கும்படி பிடித்து, பின்புறத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால், வெளிர்பச்சை நிறத்தில் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழும். கையில் தோல் மட்டும் வெறும் பையாக நிற்கும். கிண்ணத்தைச் சற்றுச் சாய்த்து அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பருப்பு கூடம் முழுவதும் சிதறும். ஒரு கிலோ காயை உரித்தால் பாதிக்கும் குறைவாகவே விதை தேறும், பிதுக்கிய பிறகு அதுவும் இன்னும் குறையும். நால்வருக்கு ஒன்றரைக் கிலோ காய் வாங்குங்கள்.

குழம்பு மிகவும் எளிது. இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், பத்துச் சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, பிதுக்கிய பருப்பையும் சிறிது மஞ்சள்தூளையும் சேர்த்து, பருப்பு மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி மூடி போட்டு வேகவிடுங்கள். இளம்பருப்பாக இருந்தால் பதினைந்து நிமிடத்தில் மலர்ந்துவிடும். குக்கரில் வைத்தால் கரைந்துபோகும். அது வெந்த பின்பே பொடியாக நறுக்கிய ஒரு தக்காளியையும், ஒன்றரைத் தேக்கரண்டி குழம்பு மிளகாய்த்தூளையும், உப்பையும் சேருங்கள். தக்காளி குழைந்ததும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலை அரைத் தேக்கரண்டி சோம்புடன் அரைத்து ஊற்றி, ஒரே ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். புளி வேண்டாம். பருப்பில் ஒரு கரண்டியை மசித்துவிட்டால் குழம்பு தானாகவே கெட்டிப்படும்.

பிதுக்குவதற்கு நேரம் பிடிக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டில் அதை ஒருவர் தனியாகச் செய்ததே இல்லை. உங்கள் அத்தை அடுப்பருகே போகக் கூடாது என்றுதானே மருத்துவர் சொன்னார்? கூடத்தில் உட்கார்ந்து பிதுக்குவதற்குக் கண் பார்வையைவிட விரல்தான் முக்கியம்.


பதில் 3
பதிவிட்டவர்: சத்துணவுக்கூடத்தில் சமைத்தவள் (வியாசர்பாடி)

மகளே, வாரநாட்களைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சமைத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஏழு மணிக்கு வீட்டுக்கு வருபவளுக்குப் பாசிப்பருப்பைப் போல உதவி செய்வது வேறொன்றும் இல்லை. ஊறவைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம். அரை ஆழாக்கு பருப்பை வாணலியில் வாசம் வரும் வரை வறுத்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டால் பதினைந்து இருபது நிமிடத்தில் மலரும். செரிப்பதற்கும் எளிது. மாமாவுக்கு முதல் வாரம் இதையே கொடுங்கள், அடுத்த வாரம் காராமணி, அதற்கு அடுத்தது கொண்டைக்கடலை என்று சிறு அளவில் கூட்டிக்கொண்டு போங்கள். பழகாத வயிற்றுக்கு ஒரே நாளில் ஒரு கிண்ணம் சுண்டலைக் கொடுத்தால் அது உப்பத்தான் செய்யும். இஞ்சி, பூண்டு, சீரகம், பெருங்காயம் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு எப்போதும் பயற்றோடு சேரட்டும்.

பருப்பு முக்கால் பதம் வெந்ததும் நறுக்கிய முள்ளங்கியோ நூக்கலோ அதில் சேர வேண்டும். நூக்கலின் அடிப்பக்கத்தை மட்டும் ஆழமாகச் சீவிவிடுங்கள். அங்கேதான் நார் இருக்கும். தேங்காய்த் துருவல் இரண்டு மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் இரண்டு, சீரகம் ஒரு தேக்கரண்டி, இவற்றை அரைத்து ஊற்றி, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்தால் கூட்டு தயார். முள்ளங்கியின் இலையையும் நூக்கலின் இளம் இலையையும் கடைக்காரர் கிள்ளி எறிவதற்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொடியாக அரிந்து, மீதமுள்ள பாசிப்பருப்போடு பிரட்டினால் மறுநாள் காலைக்குப் பொரியல் ஆயிற்று. காசு கொடுத்துக் கீரை வாங்கும் நாமே இந்த இலைகளைக் குப்பைக்கு அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராமும், பருப்பு அல்லது அதற்கு ஈடாக முட்டை, மீன், இறைச்சி என்று 85 கிராமும் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் சோற்றுக்கு நடுவே குழி பறித்து இரண்டு கரண்டி சாம்பார் ஊற்றும் பழக்கத்தில் அந்த 400 கிராம் ஒருநாளும் வராது. மாமாவின் தட்டில் முதலில் கூட்டையும் பொரியலையும் பாதித் தட்டுக்கு வையுங்கள். சோறு கால் பங்கு. சுண்டலோ பயறோ மீதிக் கால் பங்கு. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பச்சைப் பட்டாணியும் மாவுச்சத்து உள்ளவை, ஆகவே அவை வைக்கும் நாளில் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிடுங்கள். அவருக்குச் சிறுநீரகத் தொல்லை ஏதும் இருக்குமானால் மட்டும் பயற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கொண்டைக்கடலையையும் காராமணியையும் தனித்தனியாக வேகவைத்து, ஆறியவுடன் மூடி போட்ட டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் புதன்கிழமை வரை கவலை இல்லை. கேரட் துருவலோடு சுண்டல், பீட்ரூட் பொரியலில் ஒரு கைப்பிடி காராமணி, பரங்கிக்காய்க் கூட்டில் கொண்டைக்கடலை என்று மாற்றி மாற்றிப் போடலாம். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். வெந்து முடிந்த பயற்றைப் புளிப்பு ஒன்றும் செய்யாது. அதிலுள்ள வைட்டமின் சி, பயற்றின் இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ளத் துணைசெய்யும். பிழிந்துவிட்டு மறுபடியும் அடுப்பில் ஏற்றினால் கசந்துவிடும்.

பேத்தி வயதுப் பிள்ளைக்குத் தட்டில் பயற்றைக் காட்டிக் கெஞ்ச வேண்டாம். முழுப் பாசிப்பயற்றைக் காலையில் ஊறப்போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். மாலையில் இஞ்சி, பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி பச்சரிசி சேர்த்து அரைத்து, கேரட்டைத் துருவிப் போட்டு மெல்லிய தோசையாக வார்த்துக் கொடுங்கள். புளிக்கவைக்க வேண்டியதில்லை. மொறுமொறுவென்று இருக்கும் ஓரத்தை முதலில் தின்றுவிட்டு நடுப்பகுதிக்குத் தானாக வருவாள்.


பதில் 4
பதிவிட்டவர்: காசிமேட்டுக்காரி

அக்கா, மொச்சையும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பு எங்கள் தெருவில் நெத்திலிக் கருவாடு இல்லாமல் முழுமை பெறாது. உங்கள் வீட்டில் அசைவம் உண்டு என்றால், மொச்சையை முன்பே வேகவைத்துக்கொண்டு, புளிக்குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு மொச்சையையும் கத்தரிக்காயையும் போடுங்கள். தலை கிள்ளிய கருவாட்டை வெந்நீரில் மூன்று முறை அலசிக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேருங்கள். கருவாட்டில் உப்பு இருப்பதால் குழம்புக்கு உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் இருந்தால் கருவாடு இல்லாமலே வைத்துவிடுங்கள். பூண்டைக் கூட்டினாலே நன்றாக இருக்கும்.


பதிவிட்டவர்: வண்ணை மருமகள்

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. குக்கரைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஆசிரியர் ஐயா சொன்ன வெள்ளை வளையம் விரல் நகத்தால் சுரண்டும் அளவுக்குப் படிந்திருந்தது. அதே பையில் மீதமிருந்த மொச்சையைக் குடத்துத் தண்ணீரில் உப்பிட்டு ஊறவைத்து, ஒரு முறை கொதிக்கவைத்து வடித்து, ஆறு விசில் விட்டேன். கடைச் சரக்கு பழையதில்லை போலும், எல்லாமே மசிந்தன.

நேற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒன்றரைக் கிலோ பச்சை மொச்சை வாங்கிவந்து முதல் நாள் இரவே ஊறவைத்திருந்தேன். அத்தை கறுப்புக் கண்ணாடியுடன் கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பியபடியே பிதுக்கினார். நான் ஒன்றைப் பிதுக்குவதற்குள் அவர் நான்கைப் பிதுக்கிவிட்டார். திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவர் இதைச் செய்து நான் பார்த்ததே இல்லை. கேட்டால், பிறந்த வீட்டில் செய்தது, இங்கே வந்த பிறகு யார் உடன் உட்காருவார்கள் என்று விட்டுவிட்டேன் என்றார். மகளின் கையிலிருந்து பருப்பு மூன்று முறை பறந்து மாமாவின் செய்தித்தாள் மேல் விழுந்தது. தான் பிதுக்கிய பருப்பு எது என்று குழம்பில் தேடிக்கொண்டே அவள் சாப்பிட்டு முடித்தாள். மாமா சோறு ஒரு கரண்டியும் குழம்பு மூன்று கரண்டியும் போட்டுக்கொண்டார். இரவு உப்புசம் இல்லை என்று காலையில் அவராகவே சொன்னார்.

சத்துணவுக்கூட அம்மாவுக்கு ஒரு கேள்வி. பொங்கலன்று மொச்சை, அவரை, பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, கத்தரிக்காய், வாழைக்காய், கருணைக்கிழங்கு சேர்த்து ஏழுகறிக் கூட்டு வைக்க வேண்டும் என்று அத்தை சொல்லியிருக்கிறார். இவற்றில் எதை முதலில் வேகப் போட வேண்டும்?


பதிவிட்டவர்: சத்துணவுக்கூடத்தில் சமைத்தவள் (வியாசர்பாடி)

மொச்சை முன்பே தனியாக வெந்திருக்க வேண்டும், மகளே. கருணைக்கிழங்கையும் புளி சேர்த்த தண்ணீரில் தனியே வேகவைத்து வடித்துக்கொண்டால் நாக்கு அரிக்காது. பாத்திரத்தில் முதலில் வாழைக்காயும் அவரையும், பாதி வெந்ததும் சர்க்கரைவள்ளியும் கத்தரிக்காயும், கடைசியில் பரங்கிக்காய். பரங்கி சீக்கிரம் குழைந்துவிடும் என்பதால் அதை மட்டும் பெரிய துண்டாக, தோலோடு நறுக்குங்கள். எல்லாம் வெந்த பிறகு மொச்சையையும் கருணையையும் சேர்த்து, புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள்.